லுவார் கரையில் ஏழு நாள் சைக்கிள்: பாதை அருமை, வாடகைச் சேவை சுமார்

ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் போவதற்கு முன் தமிழில் இதைப் பற்றித் தேடித் தேடிப் பார்த்தேன், பஸ்ஸில் போய் ஒரே நாளில் மூன்று கோட்டை பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதியதுதான் கிடைத்தது. சைக்கிளில் போக நினைக்கும் ஒருவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அது எதுவும் அதில் இல்லை.

பிரான்சில் லுவார் நதியை ஒட்டி ‘லா லுவார் ஆ வெலோ’ என்று ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. நெவேர் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடற்கரை வரை, கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். நானும் அக்காவும் அதில் நடுவில் இருக்கும் ஒரு துண்டை மட்டும், புளுவா நகரத்திலிருந்து சோமூர் நகரம் வரை, செப்டம்பரில் ஏழு நாள் ஓட்டினோம். அங்கங்கே கிளை பிரிந்து போய் வந்ததையும் சேர்த்தால் 230 கிலோமீட்டர் சொச்சம். நான் புதுச்சேரி. அக்கா 30 வருடமாக பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள், பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, வயது 58, சைவம். அவளுக்கு முட்டி வலி உண்டு என்பதால் அவளுக்கு மட்டும் பேட்டரி சைக்கிள், எனக்குச் சாதாரண சைக்கிள்.

சைக்கிள், தங்குமிடம், பைகளை ஒவ்வொரு நாளும் அடுத்த ஓட்டலுக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்திடமே பேசி வாங்கினோம். வழிகாட்டி யாரும் கூட வரமாட்டார், வரைபடமும் ஓட்டல் பட்டியலும் கொடுத்துவிடுவார்கள், மீதி நம் பாடு. பாதையைப் பற்றி ஒரு மதிப்பீடு, அந்த நிறுவனத்தைப் பற்றி வேறு மதிப்பீடு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதை நான் என் வாழ்நாளில் சைக்கிள் ஓட்டிய இடங்களிலேயே சிறந்தது. நிறுவனத்துக்கு ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன், பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் பாதை. கரையோரப் பாதை என்றதும் நான் நினைத்தது ஆற்றின் தண்ணீரை ஒட்டிய மண் தடம். அப்படி இல்லை. லுவாரின் இரண்டு பக்கமும் வெள்ளத்துக்காக நூற்றாண்டுக் கணக்கில் மண்ணைக் கொட்டி உயர்த்திய கரைகள் இருக்கின்றன, அவற்றை ‘லெவே’ என்கிறார்கள். நம் ஏரிக்கரை போலத்தான், ஆனால் மைல் கணக்கில் நீளும். பாதையின் பெரும்பகுதி அந்தக் கரையின் தலையிலோ அதன் அடியிலோ ஓடுகிறது. மேலே ஓட்டும்போது ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கீழே வீடுகளின் கூரை, காய்கறித் தோட்டம், திராட்சை. சில இடங்களில் வீட்டு ஓட்டின் உயரத்தில் நாம் ஓட்டிக்கொண்டிருப்போம். 1846, 1856, 1866 என்று பத்து வருடத்துக்கு ஒன்றாக மூன்று பெருவெள்ளம் வந்திருக்கிறது. ஆற்றோர ஊர்களில் சுவரில் ஒரு கோடு செதுக்கி அந்த வருடத்தை எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். அப்படி ஒரு சுவரின் அருகில் அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டுப் போய் நின்று பார்த்தாள், 1856-ம் வருடக் கோடு அவள் தலைக்கு மேலே இருந்தது. ஆறோ அப்போது நூறடி தள்ளி, பல வாய்க்காலாகப் பிரிந்து, மணல் திட்டுகளுக்கு நடுவில் கணுக்கால் ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் லுவார் அப்படித்தான். பெரிய ஆறு என்று நம்பி வந்தவர்களுக்கு முதல் நாள் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பிரான்சின் மிக நீளமான நதி இதுதானா என்று. மூன்றாம் நாள் அந்த மணல் திட்டுகள்தான் எனக்குப் பிடித்துப்போயின. காலை ஏழரைக்குப் பனி தூக்கும்போது ஒவ்வொரு திட்டிலும் ஒரு நாரை மாதிரி ஒன்று, சாம்பல் நிறத்தில், தனியாக நிற்கும்.

வழி தவறுவது கஷ்டம். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து, பச்சை சைக்கிள் படம், ஒவ்வொரு திருப்பத்திலும் உண்டு. முழுவதும் தனிச் சைக்கிள் பாதை என்று நினைக்காதீர்கள், பாதிக்கு மேல் கிராமத்துச் சின்ன ரோடுகள்தான், ஆனால் கார் வந்தால் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, நமக்கு இடம் விட்டுப் போகிறார்கள். ஏழு நாளில் எங்களைப் பார்த்து ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

சரி, கோட்டைகள். அங்கே எல்லாவற்றுக்கும் ‘ஷத்தோ’ என்ற ஒரே சொல். நமக்குக் கோட்டை வேறு, அரண்மனை வேறு, பெரிய மனிதர் கட்டிய மாளிகை வேறு. ஷினோனில் மலை மேல் இருப்பது உண்மையான கோட்டை, சண்டைக்குக் கட்டியது. ஷாம்போர் ராஜா வேட்டைக்கு வந்து தங்கக் கட்டிய அரண்மனை. ஆஸே-ல-ரிதோ ஒரு கஜானா அதிகாரி கட்டிக்கொண்ட மாளிகை. இந்த வித்தியாசம் தலையில் இருந்தால் பார்க்கும்போது அலுப்பு வராது. இல்லையென்றால் மூன்றாவது ஷத்தோவில் எல்லாக் கட்டிலும் எல்லாத் திரைச்சீலையும் ஒன்று போலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

புளுவாவிலிருந்து ஷாம்போர் போய்த் திரும்ப 40 கிலோமீட்டர் அளவு. ஆற்றோரமாகவே போய் சேன்-தியே என்ற ஊரில் காட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். அந்தச் சின்ன ஊர்தான் ஷாம்போருக்கான கல்லை எல்லாம் படகிலிருந்து இறக்கிய துறை. இப்போது அங்கே சத்தமே இல்லை, கல் பாவிய சரிவு ஒன்று தண்ணீருக்குள் இறங்குகிறது. அங்கே உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போனது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அதன் பிறகு ஷாம்போரைப் பார்க்கும்போது இவ்வளவு கல்லும் அந்தச் சரிவு வழியாகத்தான் வந்தது என்பது மனதில் இருந்தது. காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் மதில், உள்ளே 5,440 ஹெக்டேர். மதிலைத் தாண்டி உள்ளே நுழைந்த பிறகும் மரங்களுக்கு நடுவில் வெகுநேரம் ஓட்ட வேண்டும், பிறகு திடீரென்று மரங்கள் முடிந்து, வெட்டவெளி, எதிரே அந்தக் கூரை. காரில் வருபவர்கள் நிறுத்துமிடத்திலிருந்து கடைகள் வழியாக நடந்து வருகிறார்கள், இந்தக் காட்சி அவர்களுக்குக் கிடையாது.

1519-ல் ராஜா முதலாம் பிரான்சுவா கட்ட ஆரம்பித்தது. கணப்பு அடுப்பு மட்டும் 282. அவ்வளவும் கட்டிவிட்டு, 32 வருட ஆட்சியில் அவர் அங்கே மொத்தமாகத் தங்கியது இரண்டரை மாதத்தை எட்டாது. நடுவில் இருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஒன்றோடு ஒன்று பின்னிய இரண்டு படிக்கட்டுகள், ஒன்றில் ஏறுகிறவரும் மற்றதில் இறங்குகிறவரும் சந்திக்கவே மாட்டார்கள் என்று. படித்தபோது எனக்குப் புரியவில்லை. அங்கே அக்கா ஒரு வாயிலில் ஏறினாள், நான் எதிர் வாயிலில். நடுத்தண்டு உள்ளே கூடாக இருக்கிறது, அதில் ஜன்னல் மாதிரித் திறப்புகள். ஒவ்வொரு திறப்பிலும் அக்கா முகம் தெரிகிறது, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, ஆனால் அவள் எப்போதும் எதிர்ப்பக்கம்தான். “எங்கடா இருக்க? இப்பதானே பக்கத்துல இருந்த!” என்று கூப்பிட்டுக்கொண்டே ஏறினாள். மேல் தளத்துக்கு வந்த பிறகுதான் சேர்ந்தோம். திரும்ப இறங்கும்போதும் அவளே தனிப் படி கேட்டாள். அந்தப் படிக்கட்டை வரைந்தது லியொனார்தோ தா வின்சி என்று சொல்கிறார்கள், அதற்கு நேரடிச் சான்று கிடையாது, ஆனால் கட்டுமானம் தொடங்கிய அதே 1519-ல்தான் அவர் இதே ஆற்றின் கரையில், ஆம்புவாஸில், இறந்தார்.

ஆம்புவாஸில் அவர் கடைசி மூன்று வருடம் வாழ்ந்த வீடு, குளோ லுசே, இருக்கிறது. ராஜா அழைத்து 1516-ல் இத்தாலியிலிருந்து வந்தார். மோனா லிசாவையும் அவர்தான் கூடக் கொண்டுவந்தார் என்பார்கள். 1939-ல் போர் வருகிறது என்றதும் பாரிஸ் லூவ்ரிலிருந்து அதே படத்தைப் பெட்டியில் வைத்து எங்கே அனுப்பினார்கள் தெரியுமா, ஷாம்போருக்கு. 423 வருடம் கழித்து அதே ஆற்றின் பக்கத்துக்கு. முந்தின நாள் ஷாம்போரில் இதைப் படித்துவிட்டு மறுநாள் ஆம்புவாஸ் வரை ஓட்டி வந்தால் இரண்டு இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது நம் காலுக்கே தெரிந்திருக்கும்.

புளுவாவிலிருந்து ஆம்புவாஸ் வரும் வழியில் ஷோமோன் ஷத்தோ. 1992-லிருந்து ஒவ்வொரு வருடமும் அங்கே தோட்டத் திருவிழா நடத்துகிறார்கள், பார்க்க அரை நாளாவது வேண்டும், நாங்கள் ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்தோம், தப்பு. அங்கிருந்து ஆம்புவாஸ் வரை பாதை ஆற்றை விட்டு மேட்டில் ஏறுகிறது. சமவெளிப் பாதை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று எல்லா விளம்பரத்திலும் போட்டிருப்பார்கள், முக்கால்வாசிதான் உண்மை. ஆற்றோரம் சமம், பள்ளத்தாக்கு மாறும்போது மேடு. அக்காவின் பேட்டரி சைக்கிள் அங்கேதான் தன் காசைச் சம்பாதித்தது.

ஷெனோன்சோ லுவாரின் மேல் இல்லை, செர் என்ற கிளை நதியின் மேல் இருக்கிறது. ஆம்புவாஸிலிருந்து காடு வழியாக 15 கிலோமீட்டர். ஏழு நாளில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன், கூட்டம் இருந்தாலும் சரி. ராஜா இரண்டாம் ஹென்றியின் காதலி தியான் த புவாத்தியே ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினாள். 1559-ல் ராஜா இறந்ததும் ராணி கத்தரின் த மெதிசி அவளை வெளியேற்றி, மாற்றாக ஷோமோனைக் கொடுத்துவிட்டு, அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் கட்டினாள். கதை எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு நெஞ்சில் நின்றது வேறு. முதல் உலகப் போரில் அந்தக் கூடம் முழுக்கக் கட்டில் போட்டு மருத்துவமனை நடத்தியிருக்கிறார்கள், 2,254 காயம்பட்ட வீரர்கள். செலவை ஏற்றுக்கொண்டது அப்போது அந்த மாளிகையை வாங்கியிருந்த மெனியே என்ற சாக்லேட் குடும்பம். அடுத்த போரில் செர் நதியே எல்லைக்கோடு ஆகிவிட்டது, வடகரை ஜெர்மன் பிடியில், தென்கரை அந்தப் பிடிக்கு வெளியே. மாளிகையின் முன்வாசல் ஒரு பக்கம், கூடத்தின் பின்வாசல் மறுபக்கம். அந்தக் கூடத்தின் வழியாகத் தப்பித்துப் போனவர்கள் இருந்திருக்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரையில் நானும் அக்காவும் அந்தக் கடைசிக் கதவு வரைக்கும் நடந்தோம். சாதாரண மரக் கதவு. திறந்தால் எதிரே மரங்கள், ஒரு மண் வழி. “இவ்வளவுதானா தூரம்” என்றாள் அக்கா. பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

அதனால்தான் எல்லோருக்கும் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு ஷத்தோ போதும். இரண்டாவது ஒன்று வழியில் வந்தால் வெளியிலிருந்து பாருங்கள், பாலத்தில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள், உள்ளே போகாதீர்கள். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு 10 யூரோவுக்கு மேல், ஷாம்போரும் ஷெனோன்சோவும் அதைவிட நன்றாகவே கூடுதல், ஏழெட்டு இடம் என்றால் அதுவே ஒரு பெரிய தொகை. காசை விடுங்கள், மனதில் இடம் இருக்காது. நாங்கள் ஐந்தாம் நாள் தூர் நகரத்தைத் தாண்டி வில்லாந்ரி, ஆறாம் நாள் ஆஸே என்று பிரித்தோம். வில்லாந்ரியில் கட்டடத்துக்குள் போகவே இல்லை, தோட்டச் சீட்டு மட்டும் வாங்கினோம். 1906-ல் யோக்கீம் கார்வாயோ என்ற ஸ்பெயின்காரர் வாங்கி, பழைய முறைப்படி திரும்ப அமைத்த தோட்டம். காய்கறிப் பாத்தி ஒன்பது சதுரம், ஒவ்வொன்றும் வேறு வேறு கோலம். கோலம் என்றே சொல்லலாம், புள்ளி வைத்து இழுத்த மாதிரிதான் இருக்கிறது, ஆனால் நிறத்துக்குப் பொடி இல்லை, நீல முட்டைக்கோஸ், சிவப்பு பீட்ரூட் இலை, பூசணி. மேல் மாடத்தில் நின்று பார்க்க வேண்டும், கீழே போனால் கோலம் மறைந்து வெறும் தோட்டமாகிவிடும், பிறகு அந்தத் தோட்டத்தின் அழகு தனி.

ஆஸே ஆந்த்ர் நதியில் ஒரு தீவில் நிற்கிறது. கில் பெர்த்தலோ என்ற ராஜாங்க நிதி அதிகாரி 1518-ல் கட்ட ஆரம்பித்தவர், கணக்கு விசாரணை வந்ததும் முடிக்காமலே ஓடிப்போனார், மாளிகையை ராஜா எடுத்துக்கொண்டார். ஷாம்போரைப் பார்த்த கண்ணுக்கு இது சின்னது, ஆனால் குடியிருக்கச் சொன்னால் நான் இங்கேதான் இருப்பேன்.

இப்போது நிறுவனம். முதல் நாள் சைக்கிளைக் கொடுத்த பையன் நல்லவன், பிரேக்கைப் பார்த்தான், சீட் உயரம் வைத்துக் கொடுத்தான். அக்காவுடைய சைக்கிளில் குறையே இல்லை. என்னுடையதில் பின் டயர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது, சொன்னேன், இன்னும் ஓடும் என்றான். பஞ்சர் பையில் ஒரு டியூப், லீவர், பம்பு இருக்கிறது என்றான், திறந்து பார்க்கவில்லை, அது என் தவறு. இதை நீங்கள் செய்யாதீர்கள், அங்கேயே திறந்து பாருங்கள்.

ஐந்தாம் நாள் காலை, ஆம்புவாஸுக்கும் தூருக்கும் நடுவில், திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய சரளைப் பாதை. அந்தப் பக்கத்து மண்ணில் சிக்கிமுக்கிக் கல் நிறைய, உடைந்தால் பிளேடு மாதிரி. பின் சக்கரம் உஸ் என்றது. இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, டியூபை உருவி, பையைத் திறந்து புது டியூபை எடுத்தால், அது தடித்த வால்வு, நம் ஊர் மோட்டார் பைக்கில் இருக்குமே அது. என் ரிம்மில் இருக்கும் ஓட்டை மெல்லிய வால்வுக்கானது. உள்ளே நுழையவே நுழையாது. ஒட்டுப் போட ரப்பரும் பசையும் பையில் இல்லை. நிறுவனத்தின் அவசர எண்ணுக்குப் போன் செய்தோம், அக்கா பிரெஞ்சில் செய்தி வைத்தாள், மூன்று முறை. அன்று மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு பலகை. ‘அக்கேய் வெலோ’ என்று அந்த நாட்டில் ஒரு சான்று இருக்கிறது, சைக்கிள்காரர்களை வரவேற்கும் இடம் என்று அர்த்தம். அந்தப் பலகை மாட்ட வேண்டுமானால் ஓட்டலோ விடுதியோ சைக்கிள் பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தர வேண்டும், ரிப்பேர் சாமான் வைத்திருக்க வேண்டும். அரைமணி தள்ளிக்கொண்டு நடந்ததும் ஒரு வீட்டு வாசலில் அந்தப் பலகை. நாங்கள் அங்கே தங்குபவர்கள் இல்லை, அவர்களுக்கு எங்களால் ஒரு காசு வருமானம் இல்லை. கதவைத் திறந்த அம்மாள், அறுபது வயதிருக்கும், சக்கரத்தைப் பார்த்தார், கொட்டகைக்குள் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். ஏழெட்டு டியூப், எல்லா அளவிலும். சரியானதை அவரே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். டயருக்குள் விரலை விட்டுச் சுற்றி வரச் சொன்னார், கல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கும் என்று. இருந்தது. நகக்கண் அளவு, தேன் நிறம். அதை எடுக்காமல் புது டியூப் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் அதுவும் போயிருக்கும். காசு கொடுத்தோம், டியூப் விலை மட்டும் எடுத்துக்கொண்டார், இரண்டு டம்ளர் ஆப்பிள் ஜூஸ் கொடுத்தார்.

அன்று இரவு இன்னொன்று. பைகள் நான்கு மணிக்குள் ஓட்டலில் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, வந்தது எட்டேகாலுக்கு. அக்காவின் முட்டி மருந்து அந்தப் பையில். மற்ற நாள்களில் ஒழுங்காக வந்தது, அதையும் சொல்ல வேண்டும். மருந்து, சார்ஜர், ஒரு மாற்று உடுப்பு, மழைச் சட்டை, இவற்றை மட்டும் சைக்கிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதி தேவையில்லை என்பது இப்போது என் முடிவு. சைக்கிளை ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விடலாம் என்று வாடகைக்குத் தரும் கடைகள் இந்தப் பாதையில் உண்டு. தங்குமிடத்தை அக்கேய் வெலோ பலகை இருக்கும் இடமாகப் பார்த்து நாமே பதிவு செய்யலாம். பைக்கு மட்டும் தனியாக ஒரு சேவை பிடித்துக்கொள்ளலாம், அல்லது சாமானைக் குறைத்துச் சைக்கிளிலேயே மாட்டிக்கொள்ளலாம். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் முடியும். காலையில் பார்த்ததும் “போன்ழூர்” சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள், அது போதும், அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால்தான் முகம் மாறுகிறது.

சாப்பாடு. மதியம் 12 முதல் 2 வரைதான் சமையலறை திறந்திருக்கும். இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் போனால் காலி நாற்காலிகள் இருந்தாலும் கிடையாது, கெஞ்சிப் பயனில்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கிராமங்களில் கடைகள் அடைத்துவிடும், திங்களும் பல இடத்தில் அடைப்பு. அதனால் காலையில் ரொட்டிக் கடை கண்ணில் பட்டதும் வாங்கிவிட வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் பட்டினிதான். சைவத்துக்குச் சிரமம், ஆனால் ஆட்டுப்பால் சீஸ் இந்தப் பகுதியின் சொத்து. சேந்த்-மோர் என்று நீள உருளையாக, வெளியே சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் குச்சி செருகியிருக்கும், அதை உருவிவிட்டு வெட்ட வேண்டும். அக்கா ஏழு நாளும் அதையும் தக்காளியையும் ரொட்டியையும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், ஓட்டல் சாப்பாட்டைவிட அதுதான் பிடித்தது என்றாள். சோமூர் பக்கம் வந்தால் ‘ஃபுவே’ என்று ஒன்று, குகைக்குள் விறகடுப்பில் சுட்டு, பூரி மாதிரி உப்பி, சுடச்சுட வரும், பிளந்து உள்ளே வெண்ணெயோ அவரை வகைப் பருப்போ சீஸோ வைத்துச் சாப்பிட வேண்டும். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பூவுக்கு ஊற்றக் குழாய் இருக்கும். நமக்கு முதலில் சங்கடமாக இருக்கும். அங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள், குழாயில் குடிக்கக் கூடாது என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம், காற்று. நாங்கள் ஆறு ஓடும் திசையிலேயே, மேற்கே, கடலை நோக்கிப் போனோம். ஆற்றோடு போனால் இறக்கம், சுலபம் என்று எண்ணம். இறக்கம் காலுக்குத் தெரியவே தெரியாத அளவு. காற்றோ கடலிலிருந்து, மேற்கிலிருந்து, முகத்தில் அடிக்கிறது. கரையின் உச்சியில் மறைவு எதுவும் கிடையாது. தூரைத் தாண்டிய மதியம் சமதளத்திலேயே எனக்கு மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வந்தது, அக்கா மோட்டாரைக் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் காற்றை மறைத்து ஓட்டினாள், “பின்னாடியே வாடா, விலகாத” என்று.

ஷினோனிலிருந்து வியென் நதியோரமாக வந்து, அது லுவாரில் கலக்கும் கான்த்-சேன்-மார்த்தேன் ஊரில் கடைசி நாள் மதியம் நின்றோம். கி.பி. 397-ல் தூயர் மார்த்தேன் இறந்த ஊர், ஆற்றைப் பார்த்தபடி வெள்ளைக் கல் தேவாலயம். அந்த வெள்ளைக் கல்லுக்குத் ‘துஃபோ’ என்று பெயர், நகத்தால் கீறினால் மாவு வரும். துறையில் அடிப்பக்கம் தட்டையான மரப் படகுகள் கட்டியிருந்தன. அதில் ஒன்றைச் செப்பம் செய்துகொண்டிருந்த பெரியவரிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள், காற்றைப் பற்றிக் குறைபட்டாள். அவர் படகின் பாய்மரத்தைக் காட்டினார். ரயில் வருவதற்கு முன்னால் இந்த ஆற்றில் சரக்கு முழுக்கப் படகில்தான், கீழே போக நீரோட்டம், மேலே ஏறி வர மேற்குக் காற்று. அகலமான சதுரப் பாயை விரித்தால் நீரோட்டத்தை எதிர்த்துப் படகு வரிசையாக ஏறி வரும். ஆன்ழூ பக்கத்துக் கறுப்புக் கூரைக் கல் மேலே போனது அப்படித்தான். இந்தக் காற்று இல்லையென்றால் ஆறு ஒருவழிப் பாதையாகப் போயிருக்கும் என்றார். பிறகு எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் தப்புப் பக்கத்திலிருந்து வந்துவிட்டீர்கள், அடுத்த முறை சோமூரில் ஏறுங்கள், என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேலையில் குனிந்தார்.

அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே ஃபோந்த்ரவோ மடம், இங்கிலாந்தின் ரிச்சர்ட் மன்னனும் அவன் தாய் எலியனோரும் அடக்கமான இடம், 1963 வரை சிறைச்சாலையாக இருந்தது. மேடு, எதிர்க்காற்று, நேரமும் இல்லை, போகவில்லை. அது ஒன்றுதான் உறுத்தல்.

அடுத்த செப்டம்பருக்கு அக்கா இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். சோமூருக்கும் மேற்கே இருக்கும் ஆன்ழேயில் தொடங்கி, ஃபோந்த்ரவோவில் ஓர் இரவு, பிறகு கிழக்கே புளுவா வரை, முதுகில் காற்று. என் பையில் மெல்லிய வால்வு டியூப் இரண்டு ஏற்கெனவே இருக்கிறது, ஒன்றை ஆம்புவாஸ் தாண்டி அந்த அம்மாளின் டப்பாவில் போட வேண்டும்.